தீவனத் தொட்டிக்கு முன்னால் மட்டும் தரை ஏன் கரைகிறது?

பிப்ரவரி 4

கேள்வி இது: "பன்றிக் கொட்டிலில் கான்கிரீட் தரை போட்டு நான்கு வருஷம்தான் ஆகிறது. தீவனத் தொட்டியைச் சுற்றி ஜல்லி தெரிகிறது, சில இடத்தில் பள்ளமே விழுந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் அப்படியே இருக்கிறது. பன்றிகள் மிதித்தே தேய்த்துவிட்டன, மேலே சிமெண்ட் தூக்கலாக ஒரு பூச்சு பூசினால் சரியாகிவிடும் என்று கொத்தனார் சொல்கிறார். எப்படிப் போட்டாலும் பன்றிக் கொட்டிலில் கான்கிரீட் பத்து வருஷம்தான் என்றும் கேள்விப்படுகிறேன். உண்மையா?"

பிப்ரவரி 4, இரவு

மிதித்துத் தேய்ந்த தரை இது இல்லை. மிதியால் தேய்வதென்றால் முதலில் போக வேண்டியது வாசல். பன்றிகள் முண்டியடித்துப் போவதும் வருவதும் அங்கேதான். தொட்டிக்கு முன்னால் ஒரு முழ அகலமும் தண்ணீர் நிப்பிளுக்கு (பன்றி கடித்துக் குடிக்கும் குழாய் முனை) கீழே ஒரு வட்டமும் மட்டும் போயிருக்கிறது என்றால் அங்கே புளிப்பு ஊறியிருக்கிறது.

தின்னும்போது பன்றி தீவனத்தை வெளியே தள்ளும். குடிக்கும்போது வாயோரத்தில் வழியவிடும். இரண்டும் கலந்து வெதுவெதுப்பாகக் கிடந்தால் சீக்கிரமே புளித்துவிடும். அதில் லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஊறுகின்றன. நன்றாகப் புளித்த நீர்த்தீவனத்தின் பிஎச் 4 பக்கம் இருக்கும் (7-க்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்). இறுகிய சிமெண்டுக்குள்ளோ சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் நிற்கும் ஈரத்தின் பிஎச் 12.5-க்கும் மேல். அமிலம் அந்தச் சுண்ணாம்பைத் தேடிப் பிடித்துக் கால்சியம் லாக்டேட்டாகவும் கால்சியம் அசிடேட்டாகவும் மாற்றிவிடுகிறது. இரண்டும் தண்ணீரில் கரைபவை. நாம் குழாயைப் பிடித்துக் கழுவுகிறோம், கரைந்தது சாக்கடையோடு போகிறது, அடியில் புது சிமெண்ட் தெரிகிறது, மறுநாள் அமிலம் அதைத் தின்கிறது. முதலில் சிமெண்ட் போகும், அதைப் பிடித்திருந்த மணல் உதிரும், கடைசியில் ஜல்லி பெயரும்.

பத்து வருஷக் கணக்கை நான் ஏற்கமாட்டேன். என் முதல் கொட்டிலின் தொட்டி ஓரம் மூன்றாவது வருஷமே போனது. இரண்டாவது கொட்டிலின் தரைக்கு இப்போது பதினெட்டு வயது. அதே பன்றிகள், அதே தீவனம், அதே ஆள்.

பிப்ரவரி 5, காலை

பூச்சு வேலைக்கு ஆள் சொல்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தொட்டிக்கு முன்னால் கழுவிவிட்டு முழங்காலிட்டு உட்காருங்கள். கட்டைவிரலால் தரையை அழுத்தித் தேயுங்கள். விரலில் ஈரமான சாம்பல் நிறக் களிம்பு ஒட்டி, அதில் மணல் பருக்கை நறநறத்தால் சிமெண்ட் செத்துவிட்டது என்று அர்த்தம். அதே விரலைப் படுக்கும் இடத்தில் தேய்த்துப் பாருங்கள், சுத்தமாக வரும். முதல் கொட்டிலில் இதைச் செய்து பார்த்த அன்று எனக்கு வயிறு கலங்கியது. நான்கு விரல்கடை தூரத்தில் ஒரு பக்கம் கல், இன்னொரு பக்கம் களிம்பு.

இன்னும் தெளிவாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தொட்டி ஓரத்தில் உளியால் ஒரு சில்லு பெயர்த்து, புதிதாக உடைந்த பக்கத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பயன்படுத்துவோமே, அதேதான். காரம் உயிரோடு இருக்கும் இடம் பளீரென்று இளஞ்சிவப்பாகும். அமிலம் தின்ற மேல்தோல் நிறமில்லாமல் நிற்கும். அந்த நிறமில்லாத பட்டையை அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். அதற்கும் கீழே வரை கொத்தி எடுக்காமல் எதைப் பூசினாலும் வீண்.

பிப்ரவரி 5, இரவு

பூச்சைப் பற்றி. தயவுசெய்து வேண்டாம். நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். முக்கால் அங்குலம், சிமெண்ட் தூக்கலாக, கண்ணாடி மாதிரி தேய்த்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவது மாதம் சுத்தியலால் தட்டினால் பொத் பொத் என்று பொக்கைச் சத்தம். எட்டாவது மாதம் ஒரு தாய்ப்பன்றி ஓரத்தில் மூக்கைக் கொடுத்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வில்லையைப் பெயர்த்தது. அடுத்த வாரத்துக்குள் மீதியையும் அதுவே எடுத்துவிட்டது. மண்ணைக் கிளறவே பிறந்த மூக்கு அது. நம் கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் அது கண்டுபிடிக்கும், கண்டுபிடித்தால் விடாது.

சிமெண்ட் தூக்கலாகப் போட்டால் பலம் என்ற நம்பிக்கையும் இங்கே எதிராகவே வேலை செய்கிறது. அமிலம் தின்பது சிமெண்டைத்தான். மெல்லிய பூச்சில் சிமெண்டை அதிகமாக்கினால் தீனி அதிகம், சுருக்கமும் அதிகம். வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்களே, அது இன்னும் மோசம். மேலே முட்டை ஓடு மாதிரி ஒரு மினுக்கம் வரும், கழுவக் கழுவ அது செதிள் செதிளாக எழும்.

பிப்ரவரி 9

கலவையைக் கேட்டிருக்கிறீர்கள். நான் பார்க்கும் முதல் எண் தண்ணீர்-சிமெண்ட் விகிதம். 0.45-க்கு மேல் போகவிடாதீர்கள், தொட்டி ஓரத்தில் 0.40 முடிந்தால் நல்லது. 0.45 என்றால் 50 கிலோ சிமெண்டுக்கு மொத்தமே 22.5 லிட்டர் தண்ணீர். மொத்தம் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். 5 சதவீதம் ஈரமுள்ள மணல் 100 கிலோ கொட்டினால் 5 லிட்டர் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிடுகிறது.

இவ்வளவு குறைந்த தண்ணீரில் கலவை இறுக்கமாக இருக்கும், "இழுக்க வரவில்லை, இன்னும் ஒரு வாளி விடுங்கள்" என்பார்கள். அந்த ஒரு வாளியில்தான் தரை போகிறது. மிஞ்சும் தண்ணீர் வெளியேறிய வழியெல்லாம் துளையாக நிற்கும், அந்தத் துளை வழியாகத்தான் அமிலம் இறங்கும். இழுக்க வரவில்லை என்றால் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து) சேருங்கள், வாளியை ஒளித்து வையுங்கள்.

சிமெண்டில் ஸ்லாக் (இரும்பு ஆலைக் கசடு) கலந்ததோ ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கலந்ததோ கிடைத்தால் அதை எடுங்கள். அவை மெதுவாக வினைபுரிந்து அந்தச் சுண்ணாம்பையே பிடித்துக் கரையாத பொருளாகக் கட்டிவிடும், துளைகளும் நுணுகும். பெல்ஜியத்தில் நெலே டி பெலி என்ற ஆய்வாளர் 1990களில் பன்றிக் கொட்டில் தரைகளைத் தீவன அமிலம் அரிப்பதைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார். கான்கிரீட் துண்டுகளை லாக்டிக்-அசிட்டிக் அமிலக் கரைசலில் முக்குவதோடு நிற்காமல் தூரிகையால் தேய்த்தும் சோதித்தார்கள். கொட்டிலில் நடப்பதும் அதுதானே, ஊறலும் தேய்ப்பும் மாறி மாறி. ஃப்ளை ஆஷ், சிலிகா ஃபியூம் (மிக நுண்ணிய சிலிகாத் தூள்) சேர்த்த கலவைகளையும் அப்படிப் பரிசோதித்தார்கள்.

கனம் 100 மில்லிமீட்டர் போதும், வண்டி ஏறும் இடத்துக்கு 150. அடியில் சரளை போட்டு நன்றாகத் திமிசு இடுங்கள். சல்ஃபேட்டைத் தாங்கும் சிமெண்ட் போட்டால் இன்னும் பாதுகாப்பு.

பிப்ரவரி 10

நேற்று எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். இரவெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. சல்ஃபேட்டைத் தாங்கும் சிமெண்ட் சல்ஃபேட்டைத்தான் தாங்கும். அதில் குறைத்திருப்பது அலுமினேட்டை, சுண்ணாம்பை இல்லை. புளித்த தீவனத்துக்கு அதுவும் சாதாரண சிமெண்டும் ஒன்றுதான். அந்தப் பெயரைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 17

கலவையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, உண்மையில் தரையைக் காப்பாற்றியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். என் இரண்டு கொட்டில்களுக்கும் கலவையில் பெரிய வித்தியாசம் கிடையாது. போட்ட பிறகு நடந்ததில்தான் வித்தியாசம்.

முதல் கொட்டிலில் தரை போட்டது மதியம். கொட்டி மட்டப்பலகை இழுத்த கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் ஊறிப் பளபளத்தது. அந்தத் தண்ணீர் நிற்கும்போதே கரணையைப் போட்டுத் தேய்த்தார்கள். நானும் பக்கத்தில் நின்று அழகாக வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊறிய தண்ணீரைத் திரும்ப உள்ளே தேய்த்தால் மேல் சில மில்லிமீட்டருக்கு மட்டும் விகிதம் எங்கேயோ போய்விடும், அடியில் 0.45 இருந்தாலும் மேலே சிமெண்ட் பால்தான். மறுநாள் ஒரு தடவை தண்ணீர் தெளித்தோம், அதற்கடுத்த நாள் வேறு வேலை வந்துவிட்டது. பத்தாவது நாள் பன்றிகள் உள்ளே.

இரண்டாவது கொட்டிலில் போட்டவர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். மேலே ஊறிய தண்ணீர் தானாகப் போகும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. நடுவில் ஒருமுறை தரையில் பெருவிரலை வைத்து எடுத்துப் பார்த்தார். தடம் லேசாக விழுந்தது, விரலில் ஈரம் ஒட்டவில்லை. அப்புறம்தான் மரப்பலகையை எடுத்தார். மாலையே ஈரச் சாக்கு விரித்து அதன் மேல் பாலிதீன் போட்டு ஓரத்துக்குக் கல் வைத்தார். "பதினாலு நாள் இது காயக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தினம் காலையும் மாலையும் நான் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன்.

அந்தத் தரைதான் பதினெட்டு வருஷமாக இருக்கிறது. சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாளாவது ஈரம் வேண்டும். ஸ்லாக்கோ ஃப்ளை ஆஷோ கலந்திருந்தால் பதினான்கு நாள் கொடுங்கள், அவை மெதுவாகத்தான் வேலை செய்யும். அவற்றை வாங்கிப் போட்டுவிட்டு மூன்றாம் நாளே காயவிடுவதைவிடச் சாதாரண சிமெண்டைப் போட்டு ஒழுங்காக ஈரம் காப்பது மேல்.

பிப்ரவரி 18

தரை சுருங்கிக் கண்ட இடத்தில் விரிசல் விடாமலிருக்க வெட்டு போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், தரையில் வெட்டும் வேண்டும். 100 மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டரையிலிருந்து மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் கால் பங்கு ஆழம், போட்ட 24 மணி நேரத்துக்குள். வெட்டு தொட்டிக்கு முன்னால் வராதபடி முன்கூட்டியே சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 2

ஜல்லி சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் அதுவும் அமிலத்தில் கரையுமே, கருங்கல்தானே நல்லது என்று ஒருவர் கேட்டார். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சொட்டு வினிகர் விட்டால் சுண்ணாம்புக் கல் நுரைக்கும், கருங்கல் சும்மா இருக்கும். அதைப் பார்த்தால் விடை முடிந்தது என்றே தோன்றும்.

இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். கருங்கல் ஜல்லி கரையாது, சுற்றியுள்ள சிமெண்ட் மட்டும் கரையும். அப்போது ஜல்லி முள் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், அதில்தான் குளம்பு அறுபடுகிறது. சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் இரண்டும் ஏறக்குறையச் சேர்ந்து தேயும். அதோடு கல்லே அமிலத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் சிமெண்டின் மேல் விழும் பாரம் குறையும். தென் ஆப்பிரிக்காவில் சாக்கடைக் குழாய்களுக்கு இதே காரணத்துக்காக டாலமைட் (சுண்ணாம்புக் கல்லைப் போல அமிலத்தில் கரையும் கல்) ஜல்லி போட்டு வார்த்திருக்கிறார்கள்.

நான் பழைய பெயிண்ட் டப்பாக்களில் புளித்த தீவனத்தை ஊற்றி, அதில் உள்ளங்கை அளவுக் கான்கிரீட் வில்லைகளைப் போட்டுவைத்து வாரம் ஒருமுறை கழுவும் பிரஷால் தேய்த்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் கருங்கல் வில்லை சொரசொரவென்று கையைக் கிழித்தது. சுண்ணாம்புக் கல் வில்லை மெலிந்திருந்தாலும் வழவழப்பாக இருந்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, பன்றிக் காலுக்கு எது வேண்டும் என்று யோசித்தேன். தொட்டி ஓரத்துக்குச் சுண்ணாம்புக் கல் என்றுதான் இப்போது சாய்கிறேன்.

மார்ச் 3

அதே டப்பாக்களில் இன்னொன்றையும் பார்த்தேன், நேற்று எழுத மறந்துவிட்டேன். தேய்க்காமல் விட்டுவைத்த வில்லைகள் மெதுவாகத்தான் கெட்டன. அமிலம் தின்ற மேல்தோல் போகாமல் ஒட்டியிருந்தால் உள்ளே இருக்கும் நல்ல சிமெண்டுக்கு அது ஒரு போர்வையாகிறது. உயர் அழுத்தப் பம்பால் கழுவும்போது அந்தப் போர்வையைத்தான் நாம் பிய்த்து எடுக்கிறோம். கழுவாமல் இருக்க முடியாது, நோய் வரும். ஆனால் முனையைத் தரைக்கு ஒரு சாண் கிட்டத்தில் பிடித்து ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். முந்தைய நாளே தண்ணீர் தெளித்து ஊறவைத்துவிட்டால் குறைந்த அழுத்தத்திலேயே அழுக்கு போய்விடும், அகலமாக விரியும் முனை போதும்.

மார்ச் 6

அடியில் கழிவுக் குழி, மேலே ஸ்லாட் தரை (கழிவு கீழே விழ இடைவெளி விட்டு அடுக்கிய கான்கிரீட் சட்டங்கள்) வைத்திருப்பவர் எழுதியிருந்தார்: "மேலே நன்றாக இருக்கிறது, அடியில் வெள்ளையாக மாவு மாதிரி உதிர்கிறது." அது வேறு வியாதி. இதை அவசரமாக எழுதுகிறேன்.

கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும்பும். ஸ்லாட்டின் அடிப்பக்கம் எப்போதும் வியர்த்திருக்கும்; அந்த ஈரத்தில் வாழும் பாக்டீரியா வாயுவைக் கந்தக அமிலமாக மாற்றும். சாக்கடைக் குழாய்களின் மேற்கூரை அரிந்து போவதும் இதனால்தான். அந்த வெள்ளை மாவு பெரும்பாலும் ஜிப்சம். குழியில் இருக்கும் கழிவே கான்கிரீட்டைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கழிவின் பிஎச் 7, 8 பக்கம்தான் இருக்கும், முழுக்க மூழ்கிய சுவர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கழிவுக்கு மேலே, வாயு நிற்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஸ்லாட்டின் கம்பிகளில் இழுவிசை தாங்குபவை அடிப்பக்கம்தான் இருக்கின்றன. மேல்மூடிய கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்தால் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் ஸ்லாட் ஒடியும், பன்றியோடு நீங்களும் உள்ளே போகலாம். துருக் கறையோ நீளவாட்டு விரிசலோ தெரிந்த ஸ்லாட்டை அன்றைக்கே மாற்றுங்கள்.

அடியைப் பார்க்கிறேன் என்று குழிக்குள் இறங்கவே இறங்காதீர்கள். கழிவைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு குபுக்கென்று கிளம்பும். அழுகிய முட்டை வாடை வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) எட்டினாலே மூக்கு மரத்து வாடை தெரியாமல் போகிறது. 1000 பிபிஎம் பக்கம் போனால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் ஏராளம். ஒரு ஸ்லாட்டைப் பட்டை போட்டுத் தூக்கி வெளியே கொண்டுவந்து, கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். கலக்கும் நாளில் கொட்டிலில் ஆளும் இருக்கக்கூடாது, முடிந்தால் பன்றியும் இருக்கக்கூடாது.

மார்ச் 7

ஸ்லாட்டைப் பற்றி இன்னும் ஒன்று. மேல் விளிம்பு தேயத் தேய இடைவெளி அகலமாகிக்கொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு விதிப்படி கான்கிரீட் ஸ்லாட்டின் இடைவெளி பால்குடிக் குட்டிக்கு 11 மில்லிமீட்டர், பால் மறந்த குட்டிக்கு 14, வளரும் பன்றிக்கு 18, தாய்ப்பன்றிக்கு 20, அதற்கு மேல் போகக்கூடாது. வாங்கும்போது சரியாக இருந்த 18, தொட்டிப் பக்கத்தில் சில வருஷத்தில் 22 ஆகியிருக்கும். யாரும் திரும்ப அளப்பதில்லை. எந்த ஐரோப்பிய நாட்டிலும் இல்லாவிட்டாலும் அளந்து பாருங்கள், குளம்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

மார்ச் 20

வழுக்குகிறது என்று ஒருவர் கேட்டதற்கு, தனியே எழுதிய பதிலில் நான் "முரியாட்டிக் அமிலம் ஊற்றிக் கழுவினால் சொரசொரப்பாகும்" என்று சொல்லியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன், பகிரங்கமாக. எந்த அமிலத்திடமிருந்து தரையைக் காப்பாற்ற இத்தனை பக்கம் எழுதினோமோ, அதைவிடக் கொடியதை நாமே வாளியால் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமெண்டைத் தின்பதோடு நிற்காமல் குளோரைடையும் உள்ளே விடும், கம்பி இருந்தால் அதற்கும் ஆபத்து. அவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், நல்லவேளை ஊற்றவில்லை.

வழுக்கும் பழைய தரைக்கு வைரப் பல் உள்ள மெஷினால் கோடு வெட்டுவதுதான் சரி. புதுத் தரையென்றால் ஈரம் போன பிறகு மரப்பலகையால் தேய்த்த முகம் போதும். நான் ஒரு முறை துடைப்பத்தால் ஆழமாகக் கீறிவிட்டேன், பால்குடிக் குட்டிகள் முலைக்கு முண்டும்போது முன்னங்கால் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. அந்த ஈற்றில் பதினோரு குட்டி, அதில் ஏழின் முட்டி ரத்தச் சிவப்பு. அந்தக் காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. ஈனும் இடத்துக்கு முரட்டு முகம் வேண்டாம். நடக்கும் இடத்துக்குத்தான் பிடிப்பு, அதுவும் வாட்டத்துக்குக் குறுக்கே வேண்டாம், வாட்டத்தோடு போகிற மாதிரி, அப்போதுதான் தண்ணீர் நிற்காது.

வாட்டம் 2-லிருந்து 5 சதவீதம் வரை சொல்வார்கள். நான் 3-ல் வைக்கிறேன். 5 வைத்தால் கழுவ நன்றாக இருக்கும், சினைப்பன்றிக்கு நிற்கச் சிரமம். தொட்டி ஓரத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டினால் சிந்தியது தங்காது.

மார்ச் 21

சேர்த்துக்கொள்ளுங்கள்: புதுத் தரை பளிச்சென்று இருக்கிறதே என்று உடனே குட்டி போட்ட பன்றியை விடாதீர்கள். மேலே காரம் கடுமையாக இருக்கும், ஈரத்தோடு படுத்தால் மடியும் குளம்பும் வெந்துபோகும். நான்கைந்து தடவை நிறையத் தண்ணீர் விட்டு அலசி, வைக்கோல் போட்டுப் பெரிய பன்றிகளை முதலில் விடுங்கள். சுண்ணாம்பு அடித்த தரைக்கும் இதே விதி, நன்றாகக் காய்ந்த பிறகுதான்.

ஏப்ரல் 11

கெட்டுப்போன தொட்டி ஓரத்தைச் சரிசெய்யக் கேட்டவர்கள் பலர். நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஓரத்தை நேர்கோடாக மெஷினில் வெட்டி, உள்ளே முழுவதும் கொத்தி எடுத்தேன். எங்கேயும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழம். ஓரம் மெல்லிசாகச் சரிந்து முடிந்தால் அங்கே மூக்கு நுழையும், அதனால்தான் செங்குத்து வெட்டு. கொத்திய தூளைத் துடைத்துவிட்டுப் பினாப்தலீன் தெளித்தேன், முழுக்கச் சிவந்தது ஒரு மூலையைத் தவிர. அந்த மூலையை இன்னும் இரண்டு தடவை கொத்த வேண்டியிருந்தது. இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் குளம் நிற்காமல் துடைத்து, எஸ்பிஆர் லேடெக்ஸ் (நன்றாக ஒட்ட வைக்கும் செயற்கை ரப்பர் பால்) கலந்த சிமெண்ட் குழம்பைப் பிரஷால் அழுத்தித் தேய்த்தேன். அது காய்வதற்குள் அதே லேடெக்ஸ் கலந்த கலவையைத் திணித்துத் தட்டினேன். காய்ந்துபோன குழம்பின் மேல் கலவை போட்டால் அதுவே பிரிக்கும் தாளாகிவிடும்.

எபாக்சி என்ற பிசின் பூச்சைப் போட்டால் அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் அடித்தரை உலர்ந்திருக்க வேண்டும், கொட்டிலில் அது நடக்கிற காரியமா? வெப்பத்துக்கு எபாக்சி விரிவதும் கான்கிரீட் விரிவதும் ஒன்றல்ல. சுடுநீரில் கழுவுபவர்களுக்குப் பாலியூரிதேன்-சிமெண்ட் பூச்சு பொருத்தமாக இருக்கும். கால்சியம் அலுமினேட் சிமெண்டும் உண்டு, அமிலத்தில் சாதாரண சிமெண்டைவிட நன்றாக நிற்கும், ஒரே நாளில் பலம் வந்துவிடும், பன்றிகளை வெகுநாள் வெளியே வைக்க வேண்டியதில்லை. ஆனால் அது நாளாக ஆக உள்ளுக்குள் உருமாறிப் பலம் குறையும். 1970களில் பிரிட்டனில் அந்தச் சிமெண்டில் செய்த உத்தரங்களோடு கூரைகள் விழுந்தது இதனால். தரைக்கு ஒட்டுப்போட அது போதும், பாரம் தாங்கும் ஸ்லாட்டுக்கு நான் துணியமாட்டேன். எப்படியும் தண்ணீரை 0.40-க்குள் வையுங்கள்.

ஏப்ரல் 12

நேற்று இவ்வளவு எழுதிவிட்டுக் கொட்டிலுக்குப் போனேன். ஒட்டுப்போட்ட இடத்துக்கு மேலே இருக்கும் நிப்பிள் சொட்டிக்கொண்டிருந்தது. விநாடிக்கு ஒரு சொட்டு. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர், ஒரு நாளைக்கு 86,400 விநாடி, நான்கு லிட்டருக்கு மேல். சிந்திய தீவனத்தைப் புளிக்க வைக்க நான்கு லிட்டர் தாராளம். தரையைப் பற்றி இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், வாஷரை மாற்ற ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

அதனால் முதல் கேள்வி கேட்டவருக்கு: தரையை உடைப்பதற்கு முன் நிப்பிள் எல்லாவற்றையும் பாருங்கள், தொட்டியின் உதட்டை உள்பக்கம் மடியும்படி மாற்ற முடியுமா பாருங்கள், நிப்பிளைத் தொட்டியிலிருந்து தள்ளி வடிகால் பக்கம் கொண்டுபோக முடியுமா பாருங்கள். தொட்டிக்குக் கீழே தரைக்குப் பதில் ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தகடு பதிப்பவர்களும் உண்டு. தகட்டுக்கும் தரைக்கும் இடையில் புளிப்பு இறங்காதபடி ஓரத்தை அடைத்தால் அது நன்றாகவே உழைக்கிறது.

மே 30

பினாப்தலீன் பற்றி எழுதியதில் ஒரு குறை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவும் மேல்தோலின் காரத்தைக் கொன்றுவிடும், அங்கேயும் நிறம் வராது. அதனால் ஒரே ஒரு சில்லை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தீவனம் படாத, காய்ந்த இடத்திலிருந்து இன்னொரு சில்லு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் பதினெட்டு வயதுத் தரையில் படுக்கும் இடத்துச் சில்லில் நிறமில்லாத பட்டை மூன்று மில்லிமீட்டர், ஆனால் நகத்தால் கீறினால் கல் மாதிரி. தொட்டி ஓரத்துச் சில்லில் ஐந்து, அதில் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் நகத்துக்கு வழிவிடுகிறது. அது மட்டும்தான் அமிலத்தின் கணக்கு.

ஜூன் 14

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். தொட்டி ஓரத்தை ஒரு மீட்டர் அகலத்துக்கு முழுவதும் உடைத்து எடுத்துவிட்டு, ஸ்லாக் சிமெண்டில் 0.42-ல் புதிதாக வார்த்திருக்கிறார். ஊறிய தண்ணீர் போகும்வரை கொத்தனாரைத் தடுத்து நிறுத்தியதில் கொஞ்சம் வாக்குவாதமாம். மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. நாளையோடு ஏழு நாள், சாக்கை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். ஸ்லாக் போட்டிருக்கிறீர்கள், இன்னும் ஏழு நாள் இருக்கட்டும். சாக்கின் ஓரம்தான் முதலில் காயும், அதுவும் சுவரோரம். காலையில் அங்கே கையை விட்டுப் பாருங்கள்.